எஸ்ஸுக்கும் அஞ்சுக்கும் சண்டை!

ஒரு சின்ன விளையாட்டு. உங்க போன்லயோ லேப்டாப்லயோ ஏதாவது ஒரு பி.டி.எஃப். பில் இருக்கும். ஹாஸ்டல் ஃபீஸ் ரசீது, கரன்ட் பில், ஆன்லைன்ல வாங்கின ஷூவோட பில்... எதுவா இருந்தாலும் ஓகே. அதைத் திறந்து, நடுவுல கட்டம் கட்டமா இருக்கிற அட்டவணையை மட்டும் காப்பி பண்ணி, நோட்பேட்ல பேஸ்ட் பண்ணிப் பாருங்க.

என்ன ஆச்சு? பொருள் பேர் ஒரு மூலையில, விலை இன்னொரு மூலையில, வரி எங்கேயோ... கல்யாண மண்டப வாசல்ல செருப்பு கிடக்கிற மாதிரி சிதறிக் கிடக்குதா? அவ்வளவு அழகா இருந்த பில், ஒரு காப்பி-பேஸ்ட்டுக்குத் தாங்கலை பாருங்க!

நமக்கு இது ஒரு நிமிஷ எரிச்சல். ஆனால், இந்தச் செருப்புக் குவியல்ல இருந்து ஜோடி ஜோடியா எடுத்து அடுக்கி வைக்கிறதுதான் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேரோட தினசரி வேலை. அதைச் செய்ய மென்பொருளும் வந்தாச்சு. அந்த மென்பொருள் கூட ஆறு மாசம் குடித்தனம் நடத்தினவன் நான். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். அட, கொட்டாவி விடாதீங்க பாஸ்... இதுல பணம் இருக்கு, சண்டை இருக்கு, தமிழ் இருக்கு. உங்க வேலை பத்தின விஷயமும் இருக்கு!

மாடிப்படி ஆபீஸ்

டிகிரி முடிச்சாச்சு. அடுத்து என்னன்னு தெரியலை. அந்த இடைவெளியில மயிலாப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல சேர்ந்தேன். லஸ் கார்னர்ல இருந்து கச்சேரி ரோடு பக்கம் நடந்தீங்கன்னா, நாலு மாடிப்படிக்கு ஒரு படியிலாவது ஆடிட்டர் போர்டு தொங்கும். அதுல ஒண்ணு எங்க ஆபீஸ்.

எங்க வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் தி.நகர்க்காரங்க. உடனே ஏழு மாடி, எட்டு மாடி கடைகளை நினைச்சுக்காதீங்க. அவங்களுக்கெல்லாம் சொந்தமா கணக்குப் பிரிவே இருக்கும். எங்ககிட்ட வர்றது, பாண்டி பஜாருக்குப் பின்னாடி சந்துல பத்தடி அகலத்துல கடை வச்சிருக்கிற அண்ணாச்சிகள், லைனிங் துணி விக்கிற அக்காக்கள், பாத்திரக்கடை பாய்கள்.

இவங்களோட பில்லெல்லாம் எப்படி வரும் தெரியுமா? சிலது ஈ-மெயில்ல பி.டி.எஃப்.பா வரும். சிலது வாட்ஸ்அப்ல போட்டோவா வரும். அதுல பில் பாதி, அண்ணாச்சியோட கட்டை விரல் பாதி. சிலது மஞ்சப்பையில நேர்லயே வரும். ஒவ்வொரு பில்லுல இருந்தும் அஞ்சு விஷயத்தை எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்தணும். வித்தவரோட ஜி.எஸ்.டி. எண், பில் நம்பர், தேதி, வரிக்கு முந்தின தொகை, வரி. அவ்வளவுதான்.

இதைச் செய்துட்டிருந்தவங்க எங்க சீனியர் அக்கா. கீபோர்டைப் பார்க்கவே மாட்டாங்க. இடது கை பில்லைப் புரட்டும், வலது கை நம்பர் பேடுல நர்த்தனம் ஆடும், வாய் பக்கத்து சீட்டோட சீரியல் கதை பேசும். மூணும் ஒரே நேரத்துல!

"இந்த அஞ்சு விஷயத்துக்கு ஏன்க்கா இவ்வளவு பாடு?"ன்னு முதல் நாள் கேட்டேன்.

"தம்பி... இது வெறும் நம்பர் இல்லப்பா. ஒவ்வொண்ணும் ஒருத்தர் பாக்கெட்ல இருக்கிற பணம்"னாங்க.

அது என்ன கணக்குன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒரு எலெக்ட்ரிக்கல் கடை. 50,000 ரூபாய்க்கு ஒயரும் சுவிட்சும் வாங்குது. வரி 18%. அதாவது 9,000 ரூபாய் வரி கட்டி வாங்குது. அதையே 60,000-க்கு வித்தால், வாங்கறவர்கிட்ட 10,800 ரூபாய் வரி வசூலிக்குது. அரசாங்கத்துக்கு முழுசா 10,800 கட்ட வேண்டாம். ஏற்கெனவே கட்டின 9,000-ஐக் கழிச்சுட்டு, 1,800 கட்டினால் போதும். 2017 ஜூலை 1-ல ஜி.எஸ்.டி. வந்ததுல இருந்து இந்தக் கழிவுதான் சின்ன வியாபாரியோட மூச்சுக்காற்று.

ஆனால், ஒரு கண்டிஷன். 2022 ஜனவரியில இருந்து, வித்தவர் அந்த பில்லை அரசாங்கத்துகிட்ட முறையா காட்டியிருந்தால்தான் வாங்கினவருக்குக் கழிவு. வித்தவங்க எல்லாரும் காட்டினதைத் தொகுத்து, ஜி.எஸ்.டி. தளம் ஒவ்வொரு மாசமும் 14-ம் தேதி ஒரு பட்டியல் கொடுக்கும். அதுக்குப் பேர் 2-பி. மாசா மாசம் கணக்கு கொடுக்கிற கடைன்னா, 20-ம் தேதிக்குள்ள வரி கட்டணும். நடுவுல இருக்கிறது ஆறே நாள். அந்த ஆறு நாளும் எங்க ஆபீஸ்ல செமஸ்டருக்கு முந்தின ராத்திரி மாதிரிதான் இருக்கும். நம்ம கையில இருக்கிற பில்லும் அந்தப் பட்டியலும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பார்க்கணுமே!

புள்ளி வச்ச கோலம்

இந்த நேரத்துலதான் எங்க ஆடிட்டர் சார் அந்த மென்பொருளை வாங்கினார். பில்லைப் போட்டால் போதும், அந்த அஞ்சு விஷயத்தையும் அதுவே எடுத்து எக்ஸெல்ல கொட்டிடும்னு விளம்பரம். 'கம்ப்யூட்டர் படிச்ச பையன்'கிற ஒரே தகுதியில, அதை மேய்க்கிற வேலை என் தலையில விழுந்தது.

மேய்க்கணும்னா மாட்டைப் பத்தித் தெரியணும் இல்லையா? அப்போதான் பி.டி.எஃப். பத்திப் படிச்சேன்.

அடோபி நிறுவனத்தைத் தொடங்கினவர்கள்ல ஒருத்தரான ஜான் வார்னாக், 1991-ல 'கேம்லாட்'னு ஒரு திட்டத்தை எழுதினார். அவரோட கவலை ரொம்ப எளிமையானது. ஒரு கம்ப்யூட்டர்ல அழகா இருக்கிற பக்கம், இன்னொரு கம்ப்யூட்டர்ல திறந்தால் அலங்கோலமா மாறுது. எங்கே திறந்தாலும், எந்த பிரின்டர்ல அடிச்சாலும் ஒரே மாதிரி தெரியணும். அதுல இருந்து பிறந்ததுதான் 1993-ல வெளிவந்த பி.டி.எஃப். 2008-ல அது ஐ.எஸ்.ஓ. தரமாவும் ஆயிடுச்சு.

கவனிச்சீங்களா? 'ஒரே மாதிரி தெரியணும்'. அதுதான் அதோட லட்சியம். அதனால ஒரு பி.டி.எஃப்.புக்குள்ள பெரும்பாலும் இருக்கிறது என்னன்னா, 'இந்த எழுத்தை இடது ஓரத்துல இருந்து இவ்வளவு தூரத்துல, கீழே இருந்து இவ்வளவு உயரத்துல வை' என்கிற கட்டளைகள். மார்கழி மாசம் மாடவீதியில கோலம் போடறவங்க புள்ளி வைப்பாங்களே, அந்த மாதிரி. இது வரிசை, இது பத்தி, இது மொத்தத் தொகைங்கிற தகவல் பெரும்பாலான பில்கள்ல இருக்கவே இருக்காது. அட்டவணைன்னு நாம நினைக்கிறது அங்கே வெறும் கோடுகள். கோலத்தைப் பார்த்ததும் 'அட, தாமரை'ன்னு நம்ம கண்ணு சொல்லிடும். கம்ப்யூட்டருக்குத் தெரியறது புள்ளி மட்டும்.

ஆகவே, மென்பொருள் யூகிக்குது. ஒரே உயரத்துல இருக்கிற எழுத்துகள் ஒரு வரி. ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு நேரா நின்னால் ஒரு பத்தி. 'மொத்தம்'கிற வார்த்தைக்கு வலது பக்கம் இருக்கிற எண்தான் மொத்தமா இருக்கணும். இப்படி!

இது நேரடியா கம்ப்யூட்டர்ல உருவான பில்லுக்கு. அண்ணாச்சி அனுப்பின போட்டோவுல எழுத்துன்னு எதுவுமே கிடையாது, எல்லாம் கறுப்பும் வெளுப்புமான புள்ளிகள்தான். அதைப் பார்த்து 'இது ஏழு, இது எட்டு'ன்னு கண்டுபிடிக்கிற வித்தைக்குப் பேர் ஓ.சி.ஆர். இதுல டெசராக்ட்னு ஒரு மென்பொருள் இருக்கு. 1985-ல இருந்து 10 வருஷம் ஹெச்.பி. நிறுவனம் உருவாக்கினது. 2005-ல அதை எல்லாருக்கும் இலவசமா திறந்து விட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து கூகுள் அதை வளர்த்தது. இன்னிக்கும் யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். தமிழும் படிக்கும்.

சண்டை ஆரம்பம்

முதல் மாசம் மென்பொருள் கலக்குச்சு. அக்கா ஒரு நாள் முழுக்க ஏத்தற பில்லை ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுடுச்சு. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் ஒரு பச்சை டிக் வேற. அக்கா முகத்துல மட்டும் ஈயாடலை. எனக்கே கொஞ்சம் சங்கடமாதான் இருந்தது.

ரெண்டாவது மாசம், 16-ம் தேதி. தி.நகர் எலெக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சி போன் பண்ணினார்.

"என்ன தம்பி... இந்த மாசம் ஒன்பதாயிரம் கூடுதலா கட்டணும்னு சொல்லுதீய? நான் வரி கட்டித்தானே சரக்கு வாங்கியிருக்கேன்?"

பார்த்தேன். மென்பொருள் ஒரு பில்லைச் சிவப்புல காட்டுச்சு. 'கடையோட கணக்குல இருக்கு, 2-பி பட்டியல்ல இல்லை.' அதாவது வித்தவர் அரசாங்கத்துகிட்ட காட்டவே இல்லைன்னு அர்த்தம். அதனால கழிவு கிடையாது.

விஷயம் அதோட நிக்கலை. நாங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே அண்ணாச்சி சௌகார்பேட்டை சப்ளையருக்கு போன் போட்டுட்டார். 'என்கிட்ட வரியை வாங்கிட்டு நீ கட்டாம ஏமாத்திட்டே'ன்னு சத்தம். தர வேண்டிய பாக்கிப் பணத்தையும் நிறுத்திட்டார். அந்த சப்ளையரும் பெரிய முதலாளி இல்லை. ரெண்டு பேரை வேலைக்கு வச்சு நடத்தற சின்ன மனுஷர். 'பதினஞ்சு வருஷப் பழக்கம், என்னைப் போய் திருடன்னு சொல்லிட்டாரே'ன்னு அவர் எங்க ஆபீஸுக்கே போன் பண்ணி அழாத குறை.

அக்கா எழுந்து வந்தாங்க. மென்பொருள் கொடுத்த ரெண்டு பட்டியலையும் பிரின்ட் எடுத்து மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சாங்க. ஒண்ணு, 'நம்மகிட்ட இருக்கு, அங்கே இல்லை.' இன்னொண்ணு, 'அங்கே இருக்கு, நம்மகிட்ட இல்லை.' ஸ்கேலை வச்சு ஒவ்வொரு வரியா நகர்த்தினாங்க. ரெண்டு நிமிஷம்தான்.

"இங்கே பாரு தம்பி. அதே தேதி, அதே ஒன்பதாயிரம். இதுல பில் நம்பர் 5105. அதுல எஸ் 105. ரெண்டும் ஒரே பில்லுப்பா!"

ஆமாம். மங்கலான டாட் மேட்ரிக்ஸ் பிரின்ட்ல இருந்த 'எஸ்' எழுத்தை, மென்பொருள் அஞ்சுன்னு படிச்சிருக்கு. பக்கத்துல பச்சை டிக் வேற!

"உங்களுக்கு எப்படிக்கா உடனே தோணுச்சு?"

"அந்த மனுஷரோட பில் புக் எப்பவும் எஸ்லதான் ஆரம்பிக்கும். அவர் பொண்ணு பேரோட முதல் எழுத்து. எத்தனை வருஷமா ஏத்தறேன், தெரியாதா?"

மறுநாள் அண்ணாச்சி சௌகார்பேட்டைக்கே நேர்ல போய் பாக்கியைக் கொடுத்துட்டு, காபி குடிச்சு சமாதானம் ஆகிட்டு வந்தார். எஸ்ஸுக்கும் அஞ்சுக்கும் நடந்த சண்டையில ரெண்டு மனுஷங்க பதினஞ்சு வருஷ நட்பை இழக்கப் பார்த்தாங்க!

பதினஞ்சாவது எழுத்து

அன்னிக்கு சாயங்காலம் அக்கா எனக்கு ஒரு பாடம் எடுத்தாங்க. எந்த காலேஜ்லயும் கிடைக்காத பாடம்.

ஜி.எஸ்.டி. எண்ல 15 இடம். முதல் ரெண்டும் மாநிலம். தமிழ்நாடுன்னா 33. அடுத்த 10 இடம் பான் எண். அந்த பான்ல முதல் அஞ்சும் எழுத்துதான், அடுத்த நாலும் எண்தான், கடைசி மறுபடி எழுத்து. அதுலயும் நாலாவது எழுத்து 'பி'ன்னா தனி ஆள், 'சி'ன்னா கம்பெனி, 'எஃப்'ன்னா பார்ட்னர்ஷிப். ஆக, எழுத்து இருக்க வேண்டிய இடத்துல மென்பொருள் பூஜ்யம்னு படிச்சால், அது நிச்சயமா தப்பு, பெரும்பாலும் 'ஓ'வாதான் இருக்கும்.

கடைசியா 15-வது இடம். அதுதான் சூப்பர் ஸ்டார். முன்னாடி இருக்கிற 14-ஐயும் வச்சு ஒரு கணக்கு போட்டால், 15-வது தானா வரணும். நடுவுல ஒரே ஒரு எழுத்து தப்பாப் படிச்சிருந்தாலும் கணக்கு உதைக்கும். இதுக்கு அண்ணன் முறை ஒண்ணு உங்க பர்ஸ்லயே இருக்கு. டெபிட் கார்டோட கடைசி இலக்கம். ஐ.பி.எம்.ல வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்கிற இன்ஜினீயர் கண்டுபிடிச்ச முறை அது. 1960-ல அவருக்கு காப்புரிமை கிடைச்சது.

நான் அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து பைத்தான்ல ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். மென்பொருள் எடுத்துக் கொடுத்ததை மூணு கேள்வி கேட்கும். ஒண்ணு, 15-வது எழுத்து சரியா? ரெண்டு, தொகையையும் வரி விகிதத்தையும் பெருக்கினால் வரி வருதா? மூணு, மாநிலத்துக்குள்ள நடந்த வியாபாரம்னா மத்திய வரியும் மாநில வரியும் சமமா இருக்கா? 50,000-க்கு 9,000 வரின்னா, 4,500-ம் 4,500-ம் இருக்கணுமே! மூணுல ஒண்ணு இடிச்சாலும் பச்சை டிக்கைப் பிடுங்கிட்டு அந்த பில்லை அக்கா மேஜைக்கு அனுப்பிடும்.

ஆனால், இந்த மூணு கேள்வியாலயும் அந்த 'எஸ் 105'-ஐப் பிடிக்க முடியாது, கவனிச்சீங்களா? பில் நம்பருக்கு 16 எழுத்துக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. கணக்கு எதுவும் கிடையாது. எழுத்தும் வரலாம், எண்ணும் வரலாம். அதனால நாலாவதா ஒரு கேள்வியும் சேர்த்தேன். இந்த சப்ளையரோட பழைய பில்லெல்லாம் எப்படி ஆரம்பிச்சிருக்கு? அது அக்கா மண்டையில இருந்த கேள்வி. நான் டைப் அடிச்சேன், அவ்வளவுதான்.

'இப்போதான் ஏ.ஐ. வந்துடுச்சே, அது இதெல்லாம் தாண்டிடும்'னு நீங்க நினைக்கலாம். உண்மைதான், இப்போ வர்ற ஏ.ஐ. பழசை விடப் பிரமாதமா படிக்குது. கசங்கின பில்லையும் சமாளிக்குது. ஆனால், அதுக்குன்னு ஒரு குணம் இருக்கு. காபி கொட்டி அழிஞ்சுபோன இடத்துல 'தெரியலை'ன்னு சொல்லாம, பொருத்தமா ஒரு எண்ணை நிரப்பி வைக்கவும் செய்யும். அலங்கோலமான தப்பு கண்ணுல படும். பொருத்தமான தப்பு படாது. அதனால அந்த நாலு கேள்வி இப்போ இன்னும் அதிகமா தேவைப்படுது.

இந்தத் தலைவலியே வேண்டாம்னு ஒரு வழியும் வந்தது. அதுக்குப் பேர் இ-இன்வாய்ஸ். பில்லை உருவாக்கும்போதே அதோட விவரத்தை கம்ப்யூட்டருக்குப் புரியற வடிவத்துல அரசாங்கத் தளத்துல பதிஞ்சு, 64 எழுத்துள்ள ஓர் அடையாளமும் ஒரு க்யூ.ஆர். கோடும் வாங்கணும். 2020 அக்டோபர்ல 500 கோடி ரூபாய்க்கு மேல வியாபாரம் பண்ற நிறுவனங்களுக்கு இது கட்டாயம் ஆச்சு. படிப்படியா இறங்கி, 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு மேல உள்ளவங்க வரைக்கும் வந்தாச்சு. அங்கே எஸ்ஸை அஞ்சுன்னு படிக்கிற பேச்சுக்கே இடமில்லை. க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணினா முக்கியமான விவரம் அப்படியே வந்துடும். ஆனால், நம்ம சௌகார்பேட்டை சப்ளையர் 5 கோடிக்கு எங்கே போவார்? பெரிய கம்பெனி பில் சுத்தமா வருது. சின்னவங்க பில்தான் இன்னமும் யூகத்துல ஓடுது. தப்பு நடந்தால் தாங்க முடியாதவங்க பக்கமே தப்பும் அதிகம்!

தமிழ் பில் வந்தால்?

அடுத்த கூத்து, லாரி வாடகை ரசீது. ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்து அழகான தமிழ்ல பி.டி.எஃப். வந்தது. மென்பொருள்ல போட்டால், ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை! 'தமிழ்'னு இருந்த இடத்துல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. யாரோ பூனையை கீபோர்டு மேல நடக்க விட்ட மாதிரி.

விஷயம் என்னன்னா, அது பாமினி எழுத்துரு. யூனிகோடு பரவாத காலத்துல, ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை ஒட்டி வச்சாங்க. கண்ணுக்குத் தெரியறது 'த', கம்ப்யூட்டருக்குத் தெரியறது 'ஜே'. இப்படி ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு குறியாக்கம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில நம்ம சென்னையில 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் குறியாக்கங்களும் அதுல இருந்து வந்தவை. பிறகு 2010 ஜூன்ல தமிழக அரசு யூனிகோடைத் தரமா ஏத்துக்கிட்டு ஆணை போட்டது. யூனிகோடு ஒத்துவராத இடத்துக்கு டேஸ்16-ஐயும் சேர்த்துக்கிட்டது. ஆனால், ஆணை போட்டா பழைய கம்ப்யூட்டர்ல இருக்கிற பாமினி ஓடிப் போயிடுமா என்ன?

சரி, யூனிகோடுல அடிச்சா எல்லாம் சுபமா? அதுவும் இல்லை! 'தொகை'ங்கிற வார்த்தையை எடுத்துக்குங்க. யூனிகோடு முறைப்படி முதல்ல 'த', அப்புறம் 'ஒ'வோட குறி, அப்புறம் 'க', அப்புறம் 'ஐ'யோட குறி. இதுதான் சேமிக்கிற வரிசை. ஆனால், பார்வைக்கு ஒற்றைக்கொம்பு முன்னாடி, 'த' நடுவுல, துணைக்கால் பின்னாடி. பி.டி.எஃப். பார்வைக்குப் பிறந்த பிள்ளை ஆச்சே! அது பல நேரம் கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே வச்சுக்கும். அதுல இருந்து எழுத்தை உருவினால் கொம்பு தனியா, 'த' தனியா, கால் தனியா வந்து விழும். மென்பொருள் 'மொத்தத் தொகை'ன்னு தேடும். பக்கத்துல கண்ணுக்கு எதிர்ல கொட்டை எழுத்துல இருக்கும். ஆனால், 'இல்லை'ன்னு சொல்லிடும்!

ஒரு வார்த்தை தேடலுக்கு அகப்படலைன்னா, கம்ப்யூட்டர் உலகத்துல அது எழுதப்படவே இல்லைன்னு அர்த்தம். லாரி வாடகையில மட்டும் இல்லை... வாடகை ஒப்பந்தம், சங்கக் கணக்கு, பழைய புத்தகம்னு எல்லாத்துக்கும் இதே நிலைமை.

இதைச் சரிபண்ண உழைச்சவங்க நிறைய பேர் நம்ம பக்கத்துலயே இருக்காங்க. 1998-ல தொடங்கின மதுரைத் திட்டம், உலகமெங்கும் இருந்த தன்னார்வலர்கள் கையால டைப் அடிச்சு இலக்கியங்களை ஏத்தினது. தமிழ் விக்கிமூலத்துல, ஓ.சி.ஆர். படிச்ச பக்கங்களை ஆட்கள் ஒவ்வொண்ணா மூலத்தோட ஒப்பிட்டு மெய்ப்பு பார்க்கிறாங்க. அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 'ஏ.ஐ.4பாரத்' குழு இந்திய மொழிகளுக்கான கருவிகளை இலவசமா வெளியிட்டுட்டு இருக்கு. 2022-ல அதுக்கு நிலேகனி மையமும் திறந்தாங்க. அடுத்த தடவை அந்த கேம்பஸ்ல மான் பார்க்கப் போனீங்கன்னா, இதையும் விசாரிச்சுட்டு வாங்க!

அப்போ வேலை போயிடுமா?

நீங்க கேட்கத் துடிக்கிற கேள்வி இதுதானே? நியாயமான கேள்வி. ஏன்னா, சென்னை இந்த வேலையில வளர்ந்த ஊர். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டறது, காப்பீட்டு விண்ணப்பங்களை டைப் அடிக்கிறதுன்னு எத்தனையோ வீடுகள்ல அடுப்பு எரிஞ்சிருக்கு. அமெரிக்க வங்கிகளுக்கு இங்கே இருந்தபடியே ராத்திரியோட ராத்திரியா ஆவணம் தயாரிச்சுக் கொடுத்த ஆபீஸ்டைகரை, 2006-ல ஆர்.ஆர்.டோனெல்லி என்கிற அமெரிக்க நிறுவனம் வாங்கிச்சு. மற்றவங்க ஆவணத்தைப் படிச்சுக் கொடுத்தே பேர் வாங்கின ஊர் இது.

மழுப்பாம சொல்றேன். வெறுமனே பார்த்து டைப் அடிக்கிற வேலை குறைஞ்சுட்டுதான் இருக்கு. எங்க ஆபீஸ்லயே அதுக்காகப் புதுசா ஆள் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. அதை நினைச்சு எனக்கு சந்தோஷம் இல்லை. அக்கா மாதிரி ப்ளஸ் டூ முடிச்சு உள்ளே வந்து, கையில தொழில் கத்துக்கிட்டு மேல ஏறின படிக்கட்டு அது. அதைப் பிடுங்கினால் அடுத்த அக்கா எங்கே இருந்து வருவாங்க? ஆடிட்டர் சார்கிட்ட இதை நான் கேட்டேன். அவர் பதில் சொல்லலை. ஆனால் அடுத்த மாசத்துல இருந்து, புதுசா வர்ற டிரெய்னிகள் முதல் மூணு மாசம் பில்லைக் கையால ஏத்தணும்னு விதி போட்டார். மென்பொருளைத் தொடவே கூடாது!

இப்போ அக்கா டைப் அடிக்கிறதில்லை. சிவப்புல நிக்கிற பில்களை மட்டும் பார்க்கிறாங்க. சம்பளமும் கொஞ்சம் ஏறியிருக்கு. அவங்ககிட்ட இருக்கிறது எந்த பில் பொய் சொல்லும்னு தெரிஞ்ச கண்ணு. அது வேகத்தால வந்ததில்லை, இத்தனை வருஷமா ஒவ்வொரு பில்லையும் ஒருத்தரோட பணமா நினைச்சுப் பார்த்ததால வந்தது.

உங்களுக்கும் இதுல ஆர்வம் இருந்தால், ஆரம்பிக்க பத்து பைசா செலவில்லை. பைத்தான்ல பி.டி.எஃப்.பிளம்பர்னு ஒண்ணு, கேம்லாட்னு ஒண்ணு... ரெண்டும் இலவசம். ஆமாம், வார்னாக்கோட அதே கேம்லாட் பேரைத்தான் வச்சிருக்காங்க. அட்டவணைகளைப் பிரிச்சு எடுக்கிற அந்தக் கருவி இந்தியாவுல உருவானது. உங்க அப்பாவோட கடை பில்லோ, பக்கத்து மளிகைக்கடை பில்லோ எடுத்து, அதுல இருந்து ஒரு எக்ஸெல் உருவாக்கிப் பாருங்க. வர்ற விடையை நம்பாம, அதைச் சோதிக்க நாலு கேள்வி எழுதுங்க. ஃபைனல் இயர் புராஜெக்டை காசு கொடுத்து வாங்கறதை விட இது ஆயிரம் மடங்கு மேல்!

ஒரே ஒரு எச்சரிக்கை. 'இலவசமா மாத்தித் தர்றோம்'னு சொல்ற கண்ட கண்ட தளத்துல மத்தவங்க பான் கார்டு, சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை எல்லாம் ஏத்தாதீங்க. அது எங்கே போய் சேரும்னு யாருக்கும் தெரியாது. உங்க கம்ப்யூட்டர்லயே ஓடற கருவியைப் பயன்படுத்துங்க.

அப்புறம், தமிழ்ல ஒரு நோட்டீஸோ, காலேஜ் மலரோ, அசோசியேஷன் கணக்கோ பி.டி.எஃப். ஆக்கும்போது, அனுப்பறதுக்கு முன்னாடி அதுல இருந்து ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டிப் பாருங்க. கொம்பும் காலும் அது அது இடத்துல இருக்கான்னு கவனிங்க. இல்லைன்னா யூனிகோடு எழுத்துருவுல அடிச்சு, மூலக் கோப்பையும் கூடவே கொடுத்துடுங்க. அரை நிமிஷ வேலைதான். பத்து வருஷம் கழிச்சு எவனோ ஒரு பொடியன் அந்தக் கணக்கைத் தேடுவான், மவனே... அவன் உங்களை வாழ்த்துவான்!